கீசர் ஓடும்போது மீட்டர் எத்தனை தடவை மினுக்கும்?

பெங்களூரில் இருக்கிறேன் என்று சொன்னால் ஊர்ப்பக்கம் அடுத்த கேள்வி "சாஃப்ட்வேரா?" என்பதுதான். இல்லை. பீன்யாவில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல். புரோகிராம் எழுதத் தெரியாது, வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய லேப்டாப். அதனால் கீக், அதாவது தொழில்நுட்பப் பைத்தியம், என்று யாரையாவது சொன்னால் அது வேறு கூட்டம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கோரமங்கலா பக்கம் காபிக் கடைகளில் லேப்டாப் மூடி தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கான பெயர் அது.

போன மாதம் ஒயிட்ஃபீல்டில் மனைவியின் சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசம். ஹோமம் முடிந்து சாப்பாட்டுக்கு இலை போடும் வரைக்கும் எல்லாரும் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். டைல்ஸ் என்ன விலை, கிச்சனில் எத்தனை டிராயர், பால்கனியிலிருந்து ஏரி தெரிகிறதா. நான் வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த டிபி பாக்ஸை, வீட்டு மின் இணைப்பெல்லாம் பிரிகிற அந்தப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தேன். சித்தப்பா வந்து, "என்ன மாப்பிள்ளை, அங்க என்ன பாக்கறீங்க?" என்றார். கேட்டுவிட்டாரே, சொல்ல ஆரம்பித்தேன்.

எம்சிபி, அதாவது அதில் வரிசையாக இருக்கும் குட்டி பிரேக்கர் சுவிட்ச், ஒவ்வொன்றின் மேலும் சி10, சி16 என்று எழுதியிருக்கும். 16 என்பது ஆம்பியர், அது பலருக்கும் தெரியும். முன்னால் இருக்கும் அந்த சி எதற்கு? ஷார்ட் சர்க்யூட் மாதிரி ஏதாவது நடந்து, அந்த ஆம்பியரைப்போல் 5 முதல் 10 மடங்கு வரை மின்சாரம் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும் ரகம் என்று அர்த்தம். பி ரகம் 3 முதல் 5 மடங்கிலேயே விழும். மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் கூடுதலாக இழுக்கும், அதற்கெல்லாம் விழுந்துகொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது என்பதால்தான் சி. அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் அகலமாக இருப்பது ஆர்சிசிபி. வீட்டுக்குள் போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலும், யாருடைய உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு இணைப்பை அறுத்துவிடும். அதில் டி என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பார்த்தால்தான் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும், எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் யாரும் அழுத்தியதில்லை. சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டு அழுத்தினேன். டக்கென்று மொத்த வீடும் நின்றது, மறுபடி தூக்கிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துவிட்டு, "இதைக் கட்டிக் கொடுத்தவன் ஒருத்தனும் சொல்லலையே" என்றார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில், பர்ப்பிள் லைனில், மனைவி சொன்னாள்: "ஏங்க, நீங்க கீக்குங்க. உங்களுக்குத்தான் அது தெரியல." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அல்சூர் வருகிற வரைக்கும் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசிக்க யோசிக்க அவள் சொல்வது சரி என்றுதான் பட்டது.

மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டிடத்தில் எல்லா மீட்டரும் கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சடித்திருக்கிறது. இந்த ஒரு எண் தெரிந்தால் போதும், வீட்டில் எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று வேறு கருவி எதுவும் இல்லாமல் சொல்லிவிடலாம். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 3600 நொடியில் 3200 மினுக்கல். 2000 வாட் கீசர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு வேகம், 10 மினுக்கலுக்கு ஐந்தரை நொடியும் கொஞ்சமும் ஆகும். நான் கீழே ஃபோனில் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன், மனைவி மேலே, "இப்ப கீசரைப் போடு", "இப்ப அணை", "ஃப்ரிட்ஜ் ஓடுதா பாரு." எதிர் வீட்டுக்காரர், அவர் நிஜமாகவே சாஃப்ட்வேர், பெரிய பொறுப்பில் இருப்பவர், மூன்று வருஷமாக அந்த மீட்டரைத் தாண்டித்தான் போய் வருகிறார், அந்த விளக்கு எதற்கு மினுக்குகிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லையாம். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, பார்க்கிற வேலைக்கும் இந்தக் குணத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

அப்படி எண்ணியதில்தான் ஒன்று பிடிபட்டது. காலையில் தெருவே கீசர் போடுகிற நேரத்தில் எங்கள் கீசர் மினுக்கலின் வேகம் குறைகிறது. வோல்டேஜ் இறங்குவதால் வருவது. கீசர் கம்பி போன்ற சாமானுக்கு வோல்டேஜ் குறைந்தால் சக்தி அதன் வர்க்கத்துக்குக் குறையும், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 210 வந்தால் 2000 வாட் 1670 வாட்டாக இறங்கிவிடும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும், முழு வோல்டேஜில் பதினாறு நிமிஷம், இறங்கிய வோல்டேஜில் பத்தொன்பது. கரண்ட் பில்லில் ஒரு வித்தியாசமும் வராது, அதே அரை யூனிட்தான், நேரம் மட்டும் கூடும். "இந்த கீசர் காலையில சூடே பண்ண மாட்டேங்குது" என்று மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். கீசர் கம்பெனிக்காரனைக் கூப்பிட இருந்தோம்.

அப்புறம் ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் அப்போதும் ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மினுக்கல். கணக்குப் போட்டால் 10 வாட்டுக்கு மேல் இல்லை. ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ். மாதத்துக்கு ஏழு யூனிட் அதுவே தின்கிறது.

சமையல்கட்டில் இது இன்னும் சுவாரசியம். அம்மா சேலத்திலிருந்து வந்தால் இரண்டு புகார் உண்டு. ஒன்று, பாத்திரத்தில் வைத்தால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. இரண்டு, மாவு பொங்க மாட்டேன் என்கிறது. இரண்டுமே உண்மை, இரண்டுக்கும் காரணம் இந்த ஊர் உட்கார்ந்திருக்கிற உயரம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கிற வெப்பம் குறைந்துகொண்டே வரும், ஆகவே இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதைத் தாண்டாது, ஆவிதான் அதிகமாகப் போகும். எஸ்பி ரோட்டில் வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை விட்டு அம்மாவிடமே காட்டினேன். மூன்று டிகிரிதானே என்று தோன்றும், வேகாத துவரம்பருப்புக்கு அது பெரிய விஷயம். குக்கரில் இந்த வித்தியாசம் பாதியாகிவிடுகிறது. குக்கர் வெயிட் என்பது வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் அழுத்தம் வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது, அந்தக் கூடுதல் எல்லா ஊரிலும் ஒன்று. வெளியே இருப்பது மட்டும் இங்கே கொஞ்சம் குறைச்சல். சென்னையில் உள்ளே 120 டிகிரி என்றால் இங்கே 118க்குப் பக்கத்தில். அவ்வளவுதான். ஆகவே பெங்களூரில் பருப்புக்கு குக்கர்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மாவுக்கு, இந்த உயரத்தால் வருகிற குளிர்தான் பிரச்சினை. மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாவுக்கு 30 டிகிரி பக்கம் இருந்தால் கொண்டாட்டம், டிசம்பர் ஜனவரியில் இங்கே ராத்திரி 15, 16க்கு இறங்கிவிடும். நான் தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து வீசுவதில்லை, பின்பக்கம் எழுதுவேன்: கரைத்த நேரம், சமையல்கட்டின் வெப்பம், வெந்தயம் போட்டோமா, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது. அரிசி உளுந்து அளவை மாற்றாமல் இருந்தால் குளிர்காலத்தில் மே மாதத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. அம்மா அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "உப்பை எப்பப் போட்டேன்னு எழுதலையே கண்ணு" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது எழுதுகிறேன். இதை எல்லாம் அவர் ஒரு தாளும் இல்லாமல் நாற்பது வருஷமாகக் கையாலேயே அளந்துகொண்டிருக்கிறார், கரைக்கும்போது விரலை விட்டுப் பார்த்து இன்னும் அரை டம்ளர் தண்ணீர் என்பார், சரியாக இருக்கும்.

ரயில் பெர்த் கணக்கு தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் பெர்த் எண்ணை 8ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 என்றால் லோயர், 2, 5 மிடில், 3, 6 அப்பர், 7 சைடு லோயர், மீதியே இல்லை என்றால் சைடு அப்பர். பழைய ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த், புது எல்எச்பியில் 80, இரண்டுமே எட்டின் மடங்குதான். இரண்டடுக்கு ஏசிக்கு 8க்குப் பதில் 6. குடும்பத்தில் யார் டிக்கெட் எடுத்தாலும் எனக்கு ஃபோன் வரும். "39 என்னப்பா?" "சைடு லோயர், மாமா." டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், இருந்தாலும் என்னைக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம், சொல்வதில் எனக்கும்.

ஓசூர் ரோட்டில் போகும்போது வண்டி நம்பரைப் பார்த்து டிஎன் 70 ஓசூர், டிஎன் 24 கிருஷ்ணகிரி, கேஏ 51 எலக்ட்ரானிக் சிட்டி என்று வாய் தானாகச் சொல்லும். இதெல்லாம் நிறையப் பேருக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பணம் அனுப்புகிற க்யூஆர் அட்டை அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு, டீக் கறை, ஒரு மூலை கிழிந்தும் போயிருக்கிறது. ஃபோனைக் காட்டினால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் எடுத்துக்கொள்கிறது. எப்படி? ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் 1994இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது க்யூஆர். தொழிற்சாலை என்றால் கிரீஸும் அழுக்கும் இருக்கத்தான் செய்யும் என்று எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். மூன்று மூலையில் இருக்கும் பெரிய சதுரங்கள், எந்தப் பக்கமாகக் காட்டினாலும் ஃபோனுக்குத் திசை தெரிவதற்கு. உள்ளே இருக்கும் புள்ளிகளில் கணிசமான பகுதி விஷயமே கிடையாது, அழிந்துபோனதைத் திரும்பக் கணக்குப் போட்டு எடுப்பதற்கான உபரிதான். அந்த உபரியை எவ்வளவு வைப்பது என்பதற்கு நான்கு நிலைகள் இருக்கின்றன, மேல் நிலையில் ஏறக்குறைய 30 சதவீதம் அழிந்தாலும் மீட்டுவிடலாம்.

அந்தக் கணக்குக்குப் பெயர் ரீட்-சாலமன். 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு பேர் எழுதியது. சிடியில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுவது அதனால்தான். 1986இல் வாயேஜர் 2 யுரேனஸ் பக்கத்திலிருந்து அனுப்பிய படங்கள் வழியில் சிதைந்துவிடாமல் பூமிக்கு வந்து சேர்ந்ததும் அதே கணக்கால். டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். தர்மபுரிக்காரர், கவனமாகக் கேட்டார். பிறகு அந்த அட்டையை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தார். பன்னிரண்டு ரூபாய் டீக்கு யுரேனஸ் வரை போன கணக்கு வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது. யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து, அழுக்காகும், கிழியும், அப்போதும் வேலை செய்ய வேண்டும் என்று நமக்காக யோசித்திருக்கிறார். நான் நின்று பார்ப்பது அந்த யோசனையைத்தான், அட்டையை இல்லை. மீட்டரில் 3200, பொத்தானில் டி, பெட்டியில் 72, எல்லாமே அப்படி யாரோ யோசித்து வைத்தது, அதைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். அப்பாதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். காலையில் பேப்பர் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது மேட்டூர் அணை நீர்மட்டம். மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை கனஅடி, மூன்றையும் காலண்டரில் குறித்துக்கொள்வார். "நமக்கு வயல் இருக்கா, வாய்க்கால் இருக்கா, எதுக்கு இது?" என்று அம்மா கேட்டால், "இருந்தாத்தான் பாக்கணுமா?" என்பார். 1934இல் கட்டி முடித்த அணை, முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இதெல்லாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்கு மனப்பாடம். ஒரு நாள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே வகுத்துக் காட்டினார்: ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி, ஒரு நாளைக்கு 86,400 நொடி, அப்படியென்றால் நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் அணையில் ஒரு டிஎம்சி ஏறும். வகுத்தல் என்பது எதற்காக என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை.

இப்போது ஜூன் பிறந்தால் அப்பா ஃபோனில் முதலில் கேட்பது "கேஆர்எஸ் எவ்வளவு?" என்பதுதான். மைசூர் பக்கம் இருக்கும் கிருஷ்ணராஜசாகர் அணை, அங்கே முழு மட்டம் 124.80 அடி. நான் அதைச் சொல்வேன், கபினியையும் சொல்வேன், அவர் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வருகிறது என்று சொல்வார், மேட்டூருக்கு எப்போது வந்து சேரும் என்று இரண்டு பேரும் கணக்குப் போடுவோம். பேத்தி எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி அதற்கப்புறம் வரும்.

அந்தக் காவிரிதான் எங்கள் தெருக் குழாயிலும் வருகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, மளவள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் தொரெகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாக பம்ப் செய்து, மொத்தம் அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஒரு வாளி, 15 லிட்டர் என்று வையுங்கள், அதை 500 மீட்டர் தூக்க எவ்வளவு மின்சாரம்? பம்பில் ஒரு துளியும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.02 யூனிட். என் மீட்டர் பாஷையில் 65 மினுக்கல். நிஜத்தில் இதைவிட அதிகமாகத்தான் ஆகும். இதைக் கணக்குப் போட்ட நாளிலிருந்து குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு பல் தேய்க்க என்னால் முடிவதில்லை, மகளுக்கும் இந்த 65 தெரியும், அவளே வந்து மூடுகிறாள்.

அடுத்த மாதம் அப்பா வருகிறார். சிவனசமுத்திரம் மின்நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக அவருக்கு ஆசை. 1902இல் அங்கே எடுத்த மின்சாரத்தை முதலில் கொண்டுபோனது கோலார் தங்கவயலுக்கு. நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வேலை பார்த்த சுரங்கம், அப்பாவின் பெரியப்பாவும் அங்கே இருந்தவர். அதற்கப்புறம்தான் 1905இல் பெங்களூர் தெருவிளக்குக்கு வந்தது. அருவியைப் பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம், மின்நிலையத்துக்கு உள்ளே போய்ப் பழைய டர்பைனைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். யாராவது போய் வந்திருந்தால் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், வயதானவர் ஏறி இறங்க முடியுமா என்று சொல்லுங்கள். இந்த வாரமே எழுதிவிடுகிறேன்.